ஊர் மருத்துவத்தின் உலகக் கதை – 17: பட்டியல் போட்டவர்கள்

சென்ற அத்தியாயத்தில் அல்மா-ஆட்டா மாநாடு முடிந்து பிரதிநிதிகள் விமானம் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். 1978 செப்டம்பர் 6 முதல் 12 வரை சோவியத் கஜகஸ்தானின் அந்த மலையடிவார நகரத்தில் 134 நாடுகள் கூடின. 2000-ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்று அறிவித்துவிட்டுக் கலைந்தன. பிரகடனம் பலருக்கு நினைவிருக்கிறது. அதோடு சேர்த்து நிறைவேறிய 22 பரிந்துரைகளைப் படித்தவர்கள் குறைவு. அவற்றில் ஒன்று ஆராய்ச்சியைப் பற்றியது. வேலையைத் தொடங்கப் போதுமான அறிவு கையில் இருக்கிறது, ஆனாலும் தீராத சிக்கல்கள் பல, ஆகவே ஒவ்வொரு நாடும் தன் சுகாதாரத் திட்டப் பணத்தில் ஒரு பங்கை, அந்தத் திட்டம் தரையில் எப்படி நடக்கிறது என்று ஆராய்வதற்காகவே தொடர்ந்து எடுத்துவைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல யோசனைதான். ஆனால் எந்தக் கேள்வியை முதலில் ஆராய்வது, அதை யார் முடிவுசெய்வது? இந்த வழக்கு மாநாடு முடிந்து ஏழு மாதத்தில் தொடங்கியது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

வழக்குக்குள் போகுமுன் இருபது ஆண்டு பின்னால் போய்ச் சென்னையைப் பார்த்துவிட்டு வரவேண்டும். மாநாட்டின் நாயகன் ஹால்ஃப்டான் மாலர், உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய தலைமை இயக்குநர், டென்மார்க்காரர். 1950களில் அவர் அதே நிறுவனத்தின் காசநோய் அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர். காசநோய் என்றால் சானடோரியம் என்றிருந்த காலம் அது. ஓய்வு, நல்ல காற்று, முட்டை, பால், படுக்கை. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகள் சில ஆயிரம். புதிய மருந்துகள் வந்துவிட்டன. அவற்றை யாருக்கு, எங்கே வைத்துக் கொடுப்பது என்று எவருக்கும் தெரியாது.

1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நால்வரின் கூட்டு அது. தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி தன் வீட்டிலேயே, பெரும்பாலும் நெரிசலான ஒற்றை அறையில், இருக்கிற சோற்றைத் தின்றுகொண்டு அதே மாத்திரைகளை விழுங்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், சானடோரியத்தில் 92 சதவீதத்தினர் கிருமி அடங்கிய நிலையில் இருந்தார்கள். வீட்டில் 86 சதவீதத்தினர். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் இந்த முடிவு வெளியானது. அதோடு உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

இந்த ஆய்வில் புதிய மருந்து ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இருக்கிற மருந்தை ஏழையின் வீட்டில் வைத்துக் கொடுத்தால் போதுமா என்ற ஒரே கேள்விதான். வைத்தியசாலைக்குள்ளேயே இருப்பவருக்கு அப்படியொரு கேள்வி தோன்றியிருக்காது. படுக்கைக்கு இடமில்லாமல் ஆளைத் திருப்பியனுப்பியவருக்குத்தான் தோன்றும்.

அடுத்தது பெங்களூரு. 1959-இல் அங்கே தேசிய காசநோய் நிறுவனம் அமைந்தது. மாலர் அங்கேயும் இருந்தார். அங்கே பானர்ஜி என்ற சமூக மருத்துவரும் ஆண்டர்சன் என்ற டேனிஷ்காரரும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஒரு விசாரணை நடத்தி 1963-இல் வெளியிட்டார்கள். காசநோயாளிகளைத் தேடி எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போகவேண்டும் என்பது அன்றைய நிபுணர் கருத்து. கிராமத்தானுக்குத் தன் நோய் தெரியாது, தெரிந்தாலும் வரமாட்டான் என்ற எண்ணம். விசாரணையில் வேறு கதை வந்தது. கிட்டத்தட்ட எல்லா நோயாளிக்கும் தன் உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கனவே அரசு மருத்துவமனைப் படியேறி வந்திருந்தார்கள். இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்! ஆகவே குறை நோயாளியிடம் இல்லை. வந்தவனின் சளியை எடுத்துப் பார்க்காத இடத்தில்தான் குறை. 1962-இல் உருவான தேசிய காசநோய்த் திட்டம் எக்ஸ்ரே வண்டியை நம்பாமல் மாவட்ட மருத்துவமனைகளையும் சிற்றூர் மருந்தகங்களையும் நம்பியதற்கு இந்த ஆய்வுகளே அடிப்படை.

மாலர் அல்மா-ஆட்டாவுக்கு எடுத்துவந்தது இந்தப் பாடங்களை. எதிர்த்தரப்பு எதை எடுத்துவந்தது?

1979 ஏப்ரல். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் பெல்லாஜியோ என்ற ஊர். அங்கே ராக்கஃபெல்லர் அறக்கட்டளைக்கு ஒரு மாளிகை உண்டு. அறக்கட்டளையின் தலைவர் ஜான் நோல்ஸ் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். கூட்டம் நடப்பதற்கு முந்தைய மாதமே இறந்துபோனார். கூட்டம் நடந்தது. உலக வங்கியின் மக்னமாரா வந்தார். அடுத்த ஆண்டு யுனிசெஃபின் தலைவராகப் போகும் ஜேம்ஸ் கிரான்ட் வந்தார். மேசைமேல் ஒரு கட்டுரை வைக்கப்பட்டது. எழுதியவர்கள் ஜூலியா வால்ஷ், கென்னத் வாரன். அதே ஆண்டு நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது அச்சானது.

கட்டுரையின் வாதம் எளிது. எல்லோருக்கும் எல்லாம் என்பது அழகான கனவு, பணம் இல்லை. ஆகவே இடைக்காலத்துக்குச் சில நோய்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடிப்போம். எதைத் தேர்ந்தெடுப்பது? எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை பேரைக் கொல்கிறது, அடக்குவதற்குக் கைவசம் வழி உண்டா என்று பார்த்து வளரும் நாடுகளின் தொற்றுநோய்களை மூன்று வரிசையில் நிறுத்தினார்கள்.

முதல் வரிசையில் வயிற்றுப்போக்கு, தட்டம்மை, மலேரியா, கக்குவான் இருமல், நத்தையிலிருந்து பரவும் சிஸ்டோசோமியாசிஸ், பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னி. நடு வரிசையில் நிமோனியா உள்ளிட்ட சுவாச நோய்கள், போலியோ, காசநோய், டைஃபாய்டு, கொக்கிப்புழு, ஊட்டக்குறைவு, இன்னும் சில. கடைசி வரிசையில் தொழுநோய், யானைக்கால், காலா அசார், டெங்கு முதலியவை. இன்று ஒவ்வோர் ஐப்பசியிலும் நம் ஊர் மாநகராட்சி புகையடிக்க ஓடுகிற டெங்குவுக்கு அன்று கிடைத்த இடம் அது.

பட்டியல் போட்டவர்களை எள்ளி நகையாடுவது சுலபம். அப்படிச் செய்வது நியாயமும் ஆகாது. கணக்குப் பார்க்காமல் கனவு மட்டும் கண்ட அமைச்சகங்களைவிட இவர்கள் நேர்மையானவர்கள். தங்கள் உத்தி இடைக்காலத்துக்கு மட்டுமே என்று தலைப்பிலேயே சொன்னவர்கள். ஆனாலும் இரண்டு இடங்களை நான் அடிக்கோடிடுவேன். ஒன்று, முதல் வரிசையில் உள்ள சிஸ்டோசோமியாசிஸ். ஆப்பிரிக்காவில் அது பெரும் நோய்தான். ஆனால் கென்னத் வாரன் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டதும் அதே நோயில்தான். பட்டியல் போடுகிறவரின் கையெழுத்து பட்டியலில் விழாமல் இருப்பதில்லை.

இரண்டாவது, நடு வரிசைக்குத் தள்ளப்பட்ட நிமோனியா. குழந்தைகளைக் கொல்வதில் வயிற்றுப்போக்குக்கு இணையாக நின்ற நோய் அது. பின் ஏன் இரண்டாம் இடம்? கைவசம் எளிய வழி இல்லை என்று கருதினார்கள். வழி இருந்தது. பஞ்சாபில் நரங்வால் என்ற கிராமத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் டெய்லர் 1960களின் இறுதியிலிருந்து ஒரு பெரிய ஆய்வு நடத்திவந்தார். முசூரியில் பிறந்தவர், அல்மா-ஆட்டா ஆவணத் தயாரிப்பில் கைகொடுத்தவர். நரங்வாலில் கிராமத்துப் பெண் பணியாளர்கள் குழந்தையின் நிமோனியாவைக் கண்டுபிடித்துப் பென்சிலின் கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள். 1978-லேயே அதைப் பற்றிய கட்டுரை வந்துவிட்டது, வெப்பமண்டல மருத்துவர்கள் மட்டும் புரட்டுகிற ஒரு சிறிய இதழில். பெல்லாஜியோவில் கூடியவர்களின் கணக்கில் அது ஏறவில்லை.

பட்டியலின் விளைவு பெரிது. கிரான்ட் தலைமையில் யுனிசெஃப் 1980களின் தொடக்கத்தில் நான்கு வேலைகளைப் பிடித்துக்கொண்டது. எடை பார்ப்பது, உப்பு சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி. லட்சக்கணக்கான குழந்தைகளை அது காப்பாற்றியது, மறுப்பதற்கில்லை. அதே சமயம் ஆராய்ச்சிப் பணமும் இந்த வாய்க்காலிலேயே பாய்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தில் மாலரோடு உழைத்த கென்னத் நியூவெல் 1988-இல் இதை எதிர்ப்புரட்சி என்றே எழுதினார்.

நான்கில் ஒன்றான கரைசலின் கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும். அதன் மருத்துவ அறிவியல் டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960களின் இறுதியில் முடிந்துவிட்டது. 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதிமுகாமில் திலீப் மகலனாபிஸ் பீப்பாய்களில் கரைசலைக் கலந்துவைத்துத் தாய்மார்களையே புகட்டச் சொன்னார். காலரா சாவு 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆய்வகத்தாரின் கணக்கில் இதோடு கேள்வி முடிந்தது.

வங்கதேசத்தின் பிராக் அமைப்புக்கு அப்போதுதான் கேள்வி தொடங்கியது. 1980 முதல் பத்தாண்டுகள் அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இந்தப் பாடம் நடந்தது. தாய்மார்கள் எத்தனை விஷயத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய்ச் சோதிப்பார். அந்த மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் ஊழியருக்குக் கூலி. தாய்மார்கள் கலக்கிய கரைசலை ஆய்வகத்துக்கு அனுப்பி உப்பின் அளவையும் பார்த்தார்கள். பாடம் சரியாக ஏறியிருந்தது, கரைசலும் சரியாக இருந்தது. ஆனால் பிள்ளைக்குப் பேதி கண்டபோது அதைக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு.

ஏன்? பிராக் அதையே ஆராய்ந்தது. காரணங்களில் ஒன்று சங்கடமானது. சொல்லிக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்கள் வீட்டில் பேதி வந்தால் மாத்திரை வாங்கினார்கள். இன்னொன்று, வீட்டு ஆண்களிடம் யாருமே பேசவில்லை. ஊழியர்களைக் காலரா மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சாகக்கிடந்தவர் கரைசலால் எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்கவைத்தார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடம் பேசினார்கள். அதன்பிறகே பயன்பாடு ஏறியது. இந்தக் கேள்வியை எந்த உலகப் பட்டியலும் கேட்டிருக்கவில்லை. நோயின் பெயர்தான் பட்டியலில் இருக்கும். ஊழியரின் நம்பிக்கையும் வீட்டு ஆணின் அதிகாரமும் எந்த நோயின் பெயரில் வரும்?

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் 1980களின் நடுவில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் ‘சர்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அபய் பங் தன் உரைகளில் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. அந்த மாவட்டப் பழங்குடிகளிடையே அரிவாள் செல் இரத்தசோகை இருப்பதை வந்த புதிதில் இருவரும் ஆய்வு செய்து நிறுவினார்கள். மருத்துவ உலகம் பாராட்டியது. ஊர்க்காரர்கள் அசையவில்லை. அவர்கள் அதைக் கேட்கவே இல்லையே! கேட்டது ஆராய்ச்சியாளரின் ஆர்வம். அதன்பிறகு ஊராரிடம் போய் உங்களை வாட்டுவது எது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்வியிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகளை இங்கே சொன்னால் போதும். 1989-இல் லான்செட் இதழில் ராணி பங் முதலியோர் எழுதிய கட்டுரை. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. கிராமப் பெண் என்றால் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும் மட்டுமே என்று உலக நிதியாளர்கள் நினைத்திருந்த காலத்தில், அவர்கள் பட்டியலில் இல்லாத ஒரு முழு உலகம் அங்கே வெளிப்பட்டது.

அடுத்தது 1990-இல் அதே லான்செட்டில், வால்ஷும் வாரனும் நடு வரிசையில் வைத்த அதே நிமோனியா. ஊர் இளைஞர்களும் மருத்துவச்சிகளும் குழந்தையின் மூச்சை எண்ணினார்கள். எண்ணத் தெரியாதவர்களுக்காக மணல் கடிகாரத்தோடு மணிகள் கோத்த ஒரு கருவி செய்யப்பட்டது. மூச்சு வேகமாக இருந்தால் மருந்து. நிமோனியாவால் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஒப்பீட்டு ஊர்களைவிட 54 சதவீதம் குறைந்தது. அதே வழியில் தொடர்ந்து போய், 1999-இல் வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பராமரிக்கும் முறையால் சாவை 62 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள். இன்று நம் நாட்டில் ஆஷா பணியாளர் பிறந்த குழந்தையின் வீட்டுக்குப் போவது அதன் தொடர்ச்சி.

கட்சிரோலி நிமோனியாக் கட்டுரை வந்த அதே 1990-இல் உலக அளவில் ஒரு கணக்கும் வெளிவந்தது. கனடாவின் ஜான் எவன்ஸ் தலைமையில், நம் வி. ராமலிங்கசாமியும் இடம்பெற்ற ஒரு சுதந்திர ஆணையம் ஸ்டாக்ஹோமில் அறிக்கை அளித்தது. 1986-இல் உலகம் சுகாதார ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 3,000 கோடி டாலர். வளரும் நாடுகளின் நோய்களுக்காகச் செலவானது அதில் சுமார் 5 சதவீதம். தடுக்கக்கூடிய அகால மரணச் சுமையில் 93 சதவீதம் அந்த நாடுகளின் தலையில். பின்னாளில் இதுவே பத்துக்குத் தொண்ணூறு என்ற பிரபலமான வாய்பாடாயிற்று; 1998-இல் ஜெனீவாவில் தொடங்கிய உலகச் சுகாதார ஆராய்ச்சி மன்றம் அதைக் கொடியாகவே பிடித்தது. ஆணையத்தின் இன்னொரு பரிந்துரை அந்த அளவுக்குப் பிரபலமாகவில்லை. ஒவ்வொரு ஏழை நாடும் தனக்கு எது முதன்மை என்று தானே முடிவுசெய்யும் ஆராய்ச்சித் திறனை வளர்க்க வேண்டும் என்பது அது. பண ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச எல்லோரும் வந்தார்கள். முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் சிலரே.

பணம் கூடியது. 2001-இல் உலகச் சுகாதார ஆராய்ச்சிச் செலவு 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2003-இல் கேட்ஸ் அறக்கட்டளை 20 கோடி டாலரோடு மாபெரும் சவால்கள் என்ற திட்டத்தை அறிவித்தது. தேர்ந்தெடுத்த 14 சவால்களும் பெரும்பாலும் புதிய தடுப்பூசி, புதிய கருவி, புதிய பயிர் பற்றியவை. 2007-இல் ஜெஃப் லெராய் முதலான நால்வர் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களும் கேட்ஸ் அறக்கட்டளையும் குழந்தை மரணம் தொடர்பாகக் கொடுத்த மானியங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். 97 சதவீத மானியங்கள் புதிய தொழில்நுட்பத்துக்கு. அவை முழு வெற்றி பெற்றாலும் குழந்தைச் சாவு 22 சதவீதம் குறையும். ஏற்கனவே இருப்பதை எல்லோருக்கும் கொண்டுசேர்த்தால் 63 சதவீதம் குறையும். இந்தத் தொடரில் இதுவரை நான் கொடுத்த எண்களில் எனக்கு அதிகக் கோபம் மூட்டியது இதுதான்.

அதே காலத்தில் குரோஷியாவில் பிறந்து எடின்பரோவில் பணியாற்றிய இகோர் ருடானும் தோழர்களும் ஒரு முறையை வகுத்தார்கள். நிபுணர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கேள்விகளை எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து சோதனை. இதற்கு விடை காண முடியுமா? விடை பலன் தருமா? அதை ஊருக்குக் கொண்டுசேர்க்க முடியுமா? நோய்ச்சுமை எவ்வளவு குறையும்? ஏழைக்குப் போய்ச் சேருமா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, விஷயம் தெரிந்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் அரை. ஒருவரோடு ஒருவர் கலந்துபேசாமல் தனித்தனியே மதிப்பெண் போடவேண்டும். கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர் வெல்லக் கூடாதல்லவா?

இந்த முறையில் வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் மதிப்பெண் போட்டபோது மேலே வந்தவை என்ன தெரியுமா? புதிய தடுப்பூசியை முந்திக்கொண்டு, கரைசலும் துத்தநாகமும் ஏன் வீட்டுக்குப் போய்ச்சேரவில்லை, தாய் ஏன் பிள்ளையைத் தாமதமாகத் தூக்கிவருகிறாள் போன்ற கேள்விகள். தும்கூரிலும் வங்கதேசத்திலும் கேட்ட அதே கேள்விகள் பல ஆண்டு கழித்துக் கணித வாசல் வழியாக உள்ளே வந்தன. முறை நல்ல முறை. ஆனால் மதிப்பெண் போட்டவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களும் நிறுவன அதிகாரிகளும். ஐந்து சோதனைகளில் எதற்கு எவ்வளவு எடை என்று பொதுமக்களும் களப்பணியாளரும் சொல்ல அந்த முறையிலேயே ஒரு படி வைத்திருந்தார்கள். பட்டியல் தயாரித்த பல குழுக்கள் அந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டன. முதன்மைகளை வகுக்கும் மேசையில் கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு நாற்காலி போடாதவரை, எத்தனை துல்லியமாகக் கூட்டிக் கழித்தாலும் அது பாதிக் கணக்குதான் என்பது என் தீர்ப்பு.

அடுத்த அத்தியாயம் 2018 அக்டோபரில் அஸ்தானாவில் நடந்த இரண்டாம் மாநாட்டைப் பற்றியது. அதற்குள் ஒரு வேண்டுகோள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் பகுதியில் முதலில் ஆராயவேண்டிய கேள்வி எது என்று ஒரு தபால் அட்டையில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். வந்தவற்றை அடுத்த அத்தியாயத்தோடு சேர்த்து வெளியிடுகிறேன்.